சாயம் பிடிக்காத ஸ்லைடுகள்

ஐஸ் வாங்கப் போன நாள்

லாபரட்டரியில் எனக்குக் கொடுத்த முதல் வேலை ஐஸ் வாங்கி வருவது. மதுரை ஸ்டேஷன் பக்கம் இருந்த ஐஸ் கம்பெனியில் ஒரு பாளம் வாங்கி, மரத்தூளில் புரட்டி, சாக்கில் சுற்றி, ஊருக்கு மேற்கே இருந்த எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுவர வேண்டும். சித்திரை மாத வெயில். வழியெல்லாம் வண்டி ஒழுகிக்கொண்டே வந்தது. வந்து சாக்கைப் பிரித்தால் தேங்காய் மூடி அளவுதான் மிச்சம்.

கம்பவுண்டர் அருளப்பன் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, வைகையில தண்ணி வந்திருச்சுன்னு ரோட்டுல ஒரே பேச்சு. நீங்க வந்த தடம்தானா அது?"

டாக்டர் தேவநேசன் சிரிக்கவில்லை. "மிச்சம் இருக்கறது போதும் சோலை. நாளைக்கு இன்னொரு சாக்கு சேத்துக் கொண்டு போ" என்றார். என் பேர் சோலைமலை. அவர் மட்டும் பாதியில் நிறுத்திக்கொள்வார்.

இப்போது லாப் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு எல்லாம் சுவிட்சைப் போட்டால் நடக்கிறது. அதனால் அந்தக் காலத்து வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களின் மூளையை, வீட்டார் சம்மதித்தால், எடுத்து பார்மலின் மருந்தில் போட்டு வைப்போம். இறுகியதும் ஒரு துண்டை உறையவைத்து, மைக்ரோடோம் என்ற மெஷினில் வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவியதை வெள்ளிச் சாயத்தில் ஊறப்போட்டு, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, பால்சம் என்ற பிசினை விட்டு மூடினால் ஸ்லைடு. அதை டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். ஐஸ் எல்லாம் அந்தச் சாயத் தட்டுகளைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளத்தான். துண்டை உறையவைக்கக் காஸ் வேண்டும். அதற்கு டவுனில் ஒரு சோடா கம்பெனிக்காரரிடம் சிலிண்டர் இரவல் வாங்குவோம். அவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "செத்த மூளைக்கு சோடா குடுத்து எழுப்பப் போறீகளா?"

எழுப்ப முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அந்த ஆஸ்பத்திரிக்கு நான் முதலில் வேலை தேடி வரவில்லை. என் சம்சாரம் செல்லம்மாளைத் தூக்கிக்கொண்டு வந்தவன். எங்களுக்குச் சொந்த ஊர் டி. கல்லுப்பட்டிக்குப் பக்கம். விவசாயக் குடும்பம். நான் ஹைஸ்கூல் பாரம் வரை படித்தவன் இல்லை, ஐந்தாவதோடு சரி. கலியாணமாகி மதுரைக்குக் குடிவந்து ஒரு மில்லில் இருந்தேன். மறுவருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டும் தூக்கம் விடவில்லை. உட்கார்ந்தால் தூங்கினாள், வாயில் சோற்றை வைத்தால் மெல்லாமல் தூங்கினாள். அந்த வருஷங்களில் உலகம் முழுக்க அந்தத் தூக்கக் காய்ச்சல் சுற்றியது என்று பிறகு டாக்டர் சொன்னார். ஒருவழியாகக் கண் திறந்தாள், எழுந்தாள், பழையபடி ஆனாள். திருப்பரங்குன்றத்து முருகனுக்குப் பால்குடம் எடுத்தேன்.

அப்புறம்தான், மெல்ல மெல்ல, அவள் நின்றுபோனாள். நின்றுபோனாள் என்பதற்கு மேல் எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. நடை குறைந்தது, பேச்சு குறைந்தது, முகத்தில் சிரிப்பும் அழுகையும் குறைந்தன. உட்காரவைத்தால் உட்கார்ந்தபடி, கையைத் தூக்கிவிட்டால் தூக்கியபடி. கண் மட்டும் எங்கேயோ பார்க்கும்.

அவள் முன்னே எப்படி இருந்தாள் என்று சொன்னால்தான் இது புரியும். எங்கள் தெருவிலேயே வேகமான கை அவளுடையது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள், அடுப்பில் பால் இருக்கும். பொங்கும் சமயம் அவளுக்கு மட்டும் எப்படியோ தெரியும். கோலமாவுக் கையோடு ஓடிவந்து முந்தானையால் பிடித்து இறக்கிவிடுவாள். ஒரு நாளும் பால் அடுப்பில் வழிந்ததில்லை. "அது சத்தம் போடும்ல, உங்களுக்குக் கேக்கலயா?" என்பாள். எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை.

வார்டில் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்ததை டாக்டர் நின்று பார்த்தார். "இம்புட்டு நேரமா ஊட்டுற, ஒரு சொட்டு கீழ விழல. கை நடுங்கல. இந்தக் கை எனக்கு வேணும்" என்றார். மில்லை விட்டேன். லாப் அட்டெண்டர் ஆனேன். செல்லத்துக்கு அவர் கொடுத்த மருந்து ஊமத்தை வகைச் செடியில் எடுப்பதாம். சிவனுக்குச் சாத்துவதுதானே என்று மனசு கொஞ்சம் தேறியது. கழுத்து விறைப்பு சற்றுக் குறைந்தது. பேச்சு வரவில்லை.

தயிராகிப் போன வெள்ளி

டாக்டர் பசுமலைக்காரர். மிஷன் பள்ளியில் படித்து, மெட்ராஸில் டாக்டராகி, சீமைக்கும் போய் வந்தவர். அவருக்கு ஒரே பைத்தியம், மூளைக்குள் இருக்கும் ஒருவகைச் சின்ன செல். மைக்ரோக்லியா என்று பேர். அதைப் பற்றிப் பேசினால் சாப்பாட்டு மணியைக்கூட மறந்துவிடுவார்.

"நம்ம ரத்தத்துல வெள்ளை அணு இருக்குல்ல சோலை, கிருமி வந்தா சண்டைக்குப் போறது. மூளைக்குள்ள அதெல்லாம் சுலபமாப் போகமுடியாது. வாசல்ல காவல் ரொம்ப. அதனால மூளைக்குன்னு உள்ளயே குடியிருக்கிற காவக்காரங்க இவுங்க. அங்கயே பொறந்து வளந்தவுங்க கெணக்கா இருப்பாங்க, ஆனா வெளியூர்லேருந்து சின்ன வயசுலயே வந்து குடியேறுனவுங்கன்னு சொல்றாங்க."

"நம்மள மாதிரி" என்றார் அருளப்பன். அவருக்குத் திண்டுக்கல் பக்கம்.

அந்தச் செல் லேசில் கண்ணுக்குத் தெரியாது. மற்றச் சாயமெல்லாம் போட்டால் ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். வெள்ளிச் சாயம் சரியாகப் பிடித்தால் மட்டுமே அதன் உருவம் முழுக்கத் தெரியும். அந்தச் சாயமோ மகா கோபக்காரி. தட்டில் ஒரு துளி உப்பு இருந்தால் போதும், தயிர் மாதிரி திரிந்துபோகும். மதுரைக் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். வடித்த தண்ணீரில்தான் கழுவ வேண்டும். அப்படிக் கழுவியும் முதல் மாதங்களில் தட்டுக்குத் தட்டு தயிரானது. கடைசியில் பார்த்தால், என் வேர்வை. குனிந்து வேலை செய்யும்போது நெற்றியிலிருந்து சொட்டியிருக்கிறது. அன்றிலிருந்து தலையில் ஈரத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் சாயத் தட்டுப் பக்கம் போவேன். நெற்றித் திருநீறு அதில் அழிந்துபோகும். வேலை முடிந்ததும் மறுபடி பூசிக்கொள்வேன்.

அந்த நாட்களில் ஒருநாள் ஒரு ஸ்லைடைக் கொண்டுபோய் வைத்தேன். வெறும் மஞ்சளாக இருந்தது.

"என்ன இருக்கு?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் இல்லங்கய்யா. இந்த ஆளு மூளையில அந்தச் செல்லே இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

"இல்லன்னு உனக்கு யாரு சொன்னது?"

"தெரியலயேங்கய்யா."

"தெரியலன்னு சொல்லு. சாயம் பிடிக்கலன்னு சொல்லு. இல்லன்னு சொல்லாத. உலகத்துல எத்தனையோ பெரிய டாக்டருங்க எத்தனையோ வருஷம் இந்த மூளையத்தான் பாத்தாங்க. அத்தனை பேரு கண்ணு முன்னாலயும் இது இருந்துச்சு. சாயம் இல்லாததுனால தெரியல. அம்புட்டுதான்."

அதிலிருந்து ஸ்லைடு சரியாக வராவிட்டால் அதன் ஓரத்தில் ஒட்டும் சீட்டில் 'சாயம் பிடிக்கவில்லை' என்று எழுதுவேன். எத்தனையோ ஸ்லைடுகளில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் லாபில் ஒரு வழக்கம் இருந்தது. சீவி முடித்து மிஞ்சும் துண்டுகளைக் குப்பையில் போடமாட்டோம். சவக்கிடங்குக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். அதன் அடியில் புதைப்போம். நான் கொஞ்சம் பால் தெளித்துச் சூடம் காட்டுவேன். டாக்டர் தலையைக் குனிந்து ஜெபம் பண்ணுவார். யார் முதலில் என்று ஒருநாளும் தகராறு வந்ததில்லை. சூடம் அணையும் முன்னே அவர் ஆமென் சொல்லிவிடுவார்.

கை நீட்டி நிற்பது

சாயம் சரியாகப் பிடித்த முதல் ஸ்லைடு எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. பனைமரத்திலிருந்து விழுந்து இறந்த ஒருவருடைய மூளை. ஆள் நோய் நொடி இல்லாதவர். டாக்டர் எழுந்து, தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்.

மங்கலான வெளிச்சத்தில் கறுப்பு மையில் வரைந்தது போல ஒன்று. சின்ன உடம்பு. அதிலிருந்து நாலு பக்கமும் கைகள். ஒவ்வொரு கையும் கிளை கிளையாகப் பிரிந்து, கிளைகளில் முள் முள்ளாக, நம் ஊர்க் கருவேலங் கிளை மாதிரி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதுவும் அப்படியே. ஒன்றின் கை இன்னொன்றின் மேல் படவில்லை. ஆளுக்கு ஒரு எல்லை வைத்துக்கொண்டு, எல்லையெங்கும் கையை விரித்து நின்றன.

"முருகா" என்று என்னையறியாமல் வாயில் வந்தது.

"இது ஓய்வா இருக்கற நிலை" என்றார் டாக்டர். "நோவு வந்தா இந்தக் கையெல்லாம் உள்ள இழுத்துக்கும். உருண்டையாகும். நோவு இருக்கற இடத்துக்கு நகந்து போகும். செத்தத விழுங்கும். அழுக்க அள்ளிக்கிட்டுப் போகும். சண்டையும் இதுதான், தோட்டி வேலையும் இதுதான்."

"ஓய்வுன்னா தூங்குதாங்கய்யா?"

அவர் குனிந்து தானும் ஒருதரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "புஸ்தகத்துல ஓய்வுன்னுதான் போட்டிருக்கு. ஆனா நாம பாக்கறது செத்த பிறகு சோலை. பார்மலின்ல அசையாம நிறுத்தி வச்சுப் பாக்கறோம். உயிரோட இருக்கையில சும்மா நின்னுச்சா, அந்தக் கையெல்லாம் வச்சு என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு, அது கர்த்தருக்குத்தான் வெளிச்சம்."

அன்று வீட்டுக்குப் போய்க் கிணற்றடியில் குளித்துவிட்டு உள்ளே போனேன். பிரேத சம்பந்தமான வேலை என்பதால் குளிக்காமல் வீட்டுக்குள் போவதில்லை. காலையில் பக்கத்து வீட்டம்மா உட்காரவைத்த இடத்திலேயே செல்லம் உட்கார்ந்திருந்தாள். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வைத்தபடி இருந்தது.

அப்புறம் ஒரு வாத்தியார் வார்டில் இறந்தார். செல்லத்துக்கு வந்த அதே நோய், அதே மாதிரி நின்றுபோனவர். அவர் சம்சாரம், "இவருக்கு என்ன வந்துச்சுன்னு யாராச்சும் ஒருத்தர் பாத்துச் சொல்லணும்" என்று சம்மதித்தார். அந்த மூளையை வெட்டும் நாளில் டாக்டர் என்னைப் பார்த்து, "நீ வேணும்னா இன்னைக்கு வெளிய இரு. அருளப்பன் பாத்துக்கட்டும்" என்றார்.

"இருக்கேங்கய்யா" என்றேன்.

மூளையின் நடுத்தண்டில் ஒரு இடத்தைக் குறுக்கே வெட்டினால், எல்லாருக்கும் இரண்டு பக்கமும் மை தீட்டினாற்போல் ஒரு கறுப்புக் கோடு தெரியும். சும்மா கண்ணுக்கே தெரியும். பனைமரத்து ஆளுக்கு இருந்தது. வாத்தியாருக்கு அந்தக் கோடு வெளுத்துப்போய் இருந்தது. நான்தான் சீவினேன். கை நடுங்கவில்லை. சாயமும் பிடித்தது. அந்த வெளுத்த இடத்தில் கை விரித்த செல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் உருண்டு திரண்டு, வயிற்றுக்குள் கறுப்பு மணிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு கிடந்தன. அந்தக் கோட்டை உண்டாக்கியிருந்த பெரிய செல்கள் செத்துப்போக, அவற்றின் மையை இவை பொறுக்கி வைத்திருந்தன.

"இதுக காப்பாத்த வந்துச்சா, தின்ன வந்துச்சா?" என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் தெரியல. செத்ததத்தான் அள்ளுதுன்னு நெனைக்கறோம். ஆத்திரத்துல உசுரோட இருக்கறதையும் சேத்து அள்ளிருதோன்னு ஒரு சந்தேகம் உண்டு. ரெண்டும் இருக்கலாம்."

நான் கேட்க வந்தது அது இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அய்யா, அப்ப செல்லம் உள்ள இருக்காளா, இல்லயா?"

டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றினார். கோபத்தில் இல்லை.

"கண்ணாடித் தகட்டுல அதுக்குப் பதில் இல்ல சோலை. இருந்தா மொதல்ல உனக்குத்தான் சொல்லுவேன்."

கொட்டாம்பட்டிச் சம்பந்தம்

எனக்கு ஒரே அக்கா, மூக்கம்மாள். அத்தான் தவறிய பிறகு சின்ன மகனை வைத்துக்கொண்டு வயலையும் தானே பார்த்து ஊரில் இருந்தது. மாதம் ஒருதரம் பருத்தி வண்டியில் ஏறி மதுரைக்கு வந்து செல்லத்துக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகும். கெட்ட மனசு கிடையாது. என்னைப் பார்த்துத்தான் அதற்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, ஆம்பள நீ சோறு வடிக்கற, துணி தொவைக்கற, பொண்டாட்டிக்குச் சடை பின்னுற. ஊருல கேட்டா சிரிக்கறாக. உனக்குன்னு ஒரு பிள்ள வேணாமா? நாளைக்கு நான் செத்தா, உன்னப் பாக்க யாரு இருக்கா? கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பொண்ணு இருக்கு. இளையதாரமா வாரதுக்குச் சம்மதம். இவள நானே கூட்டிட்டுப் போயி ஊருல வச்சுக் கஞ்சி ஊத்துறேன். கைவிட்டா போறோம்?"

இதையெல்லாம் செல்லத்தின் பக்கத்தில் உட்கார்ந்தே பேசும். நானும் அங்கேயே உட்கார்ந்து கேட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். சுவருக்கு முன்னால் பேசுவது மாதிரி அவளுக்கு முன்னால் பேசினார்கள். நான் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கும் வயசு முப்பதைத் தாண்டியிருந்தது. வீட்டில் ஒரு குரல் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. கோயிலுக்குப் போனால் அம்மன் சன்னதியில் என்ன கேட்பது என்றே தெரியாமல், கைகூப்பி நின்றுவிட்டுத் திரும்பி வருவேன். அவள் இல்லாமல் போய்விட்டாள் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அழுதுவிட்டு மேற்கொண்டு நடந்திருப்பேன். இருக்கிறாள் என்று சொன்னாலும் போதும். இரண்டும் இல்லாமல்தான் நாள் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்ணின் சித்தப்பா என்று ஒரு பெரியவர் வந்தார். வாட்டசாட்டமான ஆள், நல்ல பேச்சு. அக்கா பாயை விரித்துப்போட்டு, காப்பிக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தது. நான் தூணோரமாக உட்கார்ந்தேன். செல்லம் அடுப்படி நிலையில் சாய்ந்து, வைத்த இடத்தில் இருந்தாள்.

"மாப்ள, கோவிச்சுக்காம ஒண்ணு கேட்டுப்புடுறேன்" என்றார் பெரியவர். "மூத்த சம்சாரம் இருக்காகல்ல. நாளைக்கு எங்க பிள்ள இந்த வீட்டுக்கு வந்தா, அவுகளால ஏதும் மனஸ்தாபம் வராதே?"

அக்கா முந்திக்கொண்டது. "என்னண்ணே நீங்க! அவ என்ன மனஸ்தாபம் பண்ணப்போறா? நல்லாப் பாருங்க. உசுரு இருக்கு, ஆளு இல்ல."

'இல்லன்னு உனக்கு யாரு சொன்னது' என்று ஒரு குரல் எனக்குள் கேட்டது. டாக்டருடைய குரல். நான் வாயைத் திறக்கும் முன்னே, அடுப்படிப் பக்கம் ஏதோ வேகமாக அசைந்தது.

செல்லம் எழுந்துவிட்டாள். யாரும் தூக்கிவிடவில்லை. தானாக எழுந்து, ஒரே எட்டில் அடுப்பை எட்டி, முந்தானையைச் சுருட்டிப் பால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கினாள். நுரை விளிம்பு வரை வந்திருந்தது. ஒரு சொட்டு வழியவில்லை. அதே பழைய நடை, அதே பழைய கை. பாத்திரத்தைப் பிரிமணையில் சரியாக உட்காரவைத்தாள்.

அதோடு நின்றுவிட்டாள். குனிந்தபடி, இரண்டு கையும் பாத்திரத்தைப் பிடித்த மாதிரியே நீட்டியபடி.

நான் ஓடிப்போய் அவள் கைகளைப் பிடித்தேன். உள்ளங்கை சூடாக இருந்தது. மெல்ல மடக்கி, நிமிர்த்தி, உட்காரவைத்தேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கண் மட்டும் பால் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியவர் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆத்தா" என்று செல்லத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம் என்னிடம், "மாப்ள, நான் வாரேன். எங்க பிள்ளைக்கு வேற எடம் பாத்துக்கறோம். காப்பி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா அடுப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதது. "அடி சண்டாளி, எம்புட்டுப் பேசியிருப்பேன் உன் முன்னால! ஒரு வார்த்த சொல்லக்கூடாதா நீ!"

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கேட்டார். இந்த நோய்க்காரர்கள் சில சமயம், திடீரென்று ஒன்று நடந்தால், அப்படி எழுந்து ஓடுவது உண்டு என்று சீமையில் சொல்லக் கேட்டிருக்கிறாராம். காரணம் தெரியாதாம். "கண்ணால பாத்த நீ குடுத்து வச்சவன்" என்றார்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன்னே அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. தொண்டை செருமுவது போல ஒரு சத்தம். அப்புறம், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மெல்லிசாக, ஒரே மூச்சில் அவள் கேட்டாள்:

"கொட்டாம்பட்டிப் பொண்ணு பேரு என்ன?"

சீப்பு கையிலிருந்து விழுந்துவிட்டது. அவள் குரலை மறந்துவிட்டேனோ என்று பயந்த நாட்கள் உண்டு. மறக்கவில்லை.

"தெரியாது செல்லம். நான் கேக்கல."

வேறொன்றும் அவள் பேசவில்லை. நான் சடையை அவிழ்த்து, திரும்பவும் முதலிலிருந்து பின்னினேன். இன்னொரு வார்த்தை வருமோ என்று. அன்றைக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

தத்தனேரி

அதற்குப் பிறகு அவள் பல வருஷம் இருந்தாள். எப்போதாவது ஒரு வார்த்தை, மழைக்காலத்து வெயில் மாதிரி. அதை நம்பிக்கொண்டு நான் வாயை மூடவில்லை. லாபில் நடந்தது, சோடா கம்பெனிக்காரர் சொன்னது, அருளப்பன் அடித்த கேலி, எல்லாவற்றையும் அன்றாடம் அவளிடம் சொன்னேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "அவ கிட்டயும் ரெண்டு வார்த்த பேசுங்க" என்பேன். அக்கா அதற்குமேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ப் பஞ்சாயத்தையெல்லாம் சொல்ல ஆரம்பித்தது. "இவ ஒருத்திதான் குறுக்க பேசாமக் கேக்கறா" என்று சிரிக்கும்.

யுத்தகாலத்தில் அரிசிக்குக் கஷ்டம் வந்த வருஷம் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூன்றாம் நாள் வெளுக்கும் நேரத்தில் போய்விட்டாள். திருநீறு பூசிவிட்டு நிமிர்ந்தால், டாக்டர் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் எதற்காக வந்தார் என்று எனக்குத் தெரியும். எதைக் கேட்கமாட்டார் என்றும் தெரியும். எத்தனை வீட்டு வாசலில் அந்தச் சம்மதத்தைக் கேட்க நானும் அவர் பின்னால் போய் நின்றிருக்கிறேன்.

"அய்யா" என்றேன்.

"ஒண்ணும் சொல்லாத சோலை. நான் செல்லத்தப் பாக்கத்தான் வந்தேன்."

அவளை முழுசாகவே தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். வாத்தியாருக்கு இருந்த மாதிரியே அவளுக்கும் கோடு வெளுத்திருக்கும். அதைச் சுற்றி உருண்டைச் செல்கள் மையைப் பொறுக்கிக்கொண்டு இருந்திருக்கும். மற்ற இடத்திலெல்லாம் கை விரித்துக் காவல் நின்றிருக்கும். எனக்கு அது பார்க்காமலே தெரியும். கேள்வி அதுவல்லவே. கேள்விக்கு அவளே ஒருநாள் அடுப்படியில் பதில் சொல்லிவிட்டாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். தட்டைச் சுத்தமாகக் கழுவுங்கள், தலையில் துண்டு கட்டுங்கள். இதெல்லாம் செய்தும் ஒன்றும் தெரியாமல் போகும் நாள் வரும். அன்றைக்குச் சீட்டில் 'இல்லை' என்று எழுதாதீர்கள். 'சாயம் பிடிக்கவில்லை' என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அசையாமல் கிடக்கிறவரிடமும் அதே கணக்குத்தான். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

இப்போது அக்கா மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் சம்சாரம் தங்கமான பெண். காலையில் பூஜை முடித்து அடுப்படி ஓரமாக உட்கார்வேன். பால் ஏறும். எழுந்து இறக்கிவைத்தால் என்ன, கால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நுரை விளிம்புக்கு வரும் வரை அசையாமல் உட்கார்ந்து, நிலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"மாமா! பாலு பொங்குது, பாத்துக்கிட்டே இருக்கீகளே!" என்று அந்தப் பெண் ஓடிவரும்.

"கேக்கல தாயி" என்பேன்.